வீட்ல யாருக்கும் சொல்லாம ஊட்டி கூட்டிக்கினு போறதுன்னா

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பாவுக்கு மே மாசம் அறுபது முடியுது, அம்மாவுக்கு சுகர், கூடவே முட்டி வலி, பையன் ஒன்பதாவது, பொண்ணு மூணாவது. எல்லாரையும் ஊட்டிக்கு கூட்டிக்கினு போகணும் ஆனா வண்டி மலை ஏறற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, வொய்ஃபுக்கும் சேத்து. திருப்பதி போறோம்னு சொல்லி ஏத்திட்டா ஆச்சு இல்ல, கார்ல போறதா ரயில்ல போறதா, அவ்ளோ தூரம் வேணாம்னா ஏலகிரி போதுமா, இதான் கேள்வி. நான் காட்பாடில வண்டி விடறவன், கார், டெம்போ டிராவலர் ரெண்டும் ஓடுது, ரொம்ப வருஷமா குடும்பங்கள மலைக்கு ஏத்தி இறக்கிக்கினு இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டிதான் சொல்லப்போறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த திருப்பதி விஷயம். அத மட்டும் பண்ணாதீங்க தம்பி. நம்ம பக்கம் அம்மாங்களுக்கு திருப்பதின்னு சொன்ன நிமிஷமே மனசுல வேற ஒண்ணு ஓட ஆரம்பிச்சிடும். முந்தின வாரத்துல இருந்தே வீட்ல கவுச்சி கிடையாது, எப்பவோ மஞ்சத்துணில முடிஞ்சு வச்ச காச பீரோல இருந்து எடுப்பாங்க, பேத்திக்கு ஒரு மொட்ட பாக்கி இருக்குனு அப்பதான் ஞாபகம் வரும், பக்கத்து வீட்டம்மா உண்டியல்ல போட சொல்லி ஐம்பதோ நூறோ குடுத்து அனுப்பும். இதெல்லாம் மடில வச்சிக்கினு இருக்கறவங்கள குன்னூர்ல இறக்கி "சர்ப்ரைஸ்"னு சொன்னா சந்தோஷம் வராது, சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயம்தான் வரும். மூணு நாளும் அதையே சொல்லிக்கினு இருப்பாங்க. திரும்பி வந்த கையோட திருப்பதிக்கும் நீங்க போய்த்தான் ஆகணும்.

கல்யாணம்னு பொய் சொல்றதும் அதே கதைதான். பேரணாம்பட்டு பக்கத்து குடும்பம் ஒண்ணு, பையன் கோயம்புத்தூர்ல ஃப்ரெண்டு தங்கச்சிக்கு கல்யாணம்னு சொல்லி அப்பா அம்மாவ கூட்டிக்கினு வந்தாரு. அந்தம்மா ரெண்டு பட்டுப்புடவை, லாக்கர்ல இருந்து எடுத்த நகை, எல்லாத்தோடயும் வந்துட்டாங்க. பெரியவரு மடிப்பு கலையாத வெள்ளை வேட்டி, அரைக்கை சட்டை, கால்ல ரப்பர் செருப்பு. குன்னூர் தாண்டி டீக்கு வண்டிய நிறுத்துனேன், மூடுபனி இறங்கிக்கினு இருக்கு, அவரு இறங்கி ரெண்டு கையையும் அக்குள்ள வச்சிக்கினு நிக்கறாரு, குளுருதான்னு கேட்டா "அதெல்லாம் இல்லப்பா"ங்கறாரு, ஆனா தோள்ல இருந்த துண்டு எப்பவோ தலைக்கு போயிடுச்சு, டீ கிளாஸ குடிக்காம உள்ளங்கைல உருட்டிக்கினே இருந்தாரு. அந்தம்மா வண்டிய விட்டு இறங்கவே இல்ல, நகைப்பை மடில. தங்கற ரூம்ல நகைய எங்க வைக்கறதுன்றதே அவங்களுக்கு மூணு நாளும் கவலை, பார்க்குக்கு போனாலும் ஹேண்ட்பேகு கைய விட்டு இறங்கல.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான். எந்த ஊருன்னு மறைங்க, என்னிக்குன்னு மறைக்காதீங்க. "இந்த தேதில மூணு நாள் வெளிய போறோம், எங்கன்னு கேக்காதீங்க"ன்னு ஓப்பனா சொல்லிடுங்க. பொய்யும் இல்ல, மாத்திரை எண்ணி எடுத்து வைக்கவும் நேரம் கிடைக்கும், அப்பா எங்கயாவது சீட்டு கட்டறதோ கல்யாணத்துக்கு தலை காட்றதோ இருந்தா முன்னாடியே முடிச்சிக்குவாரு. பசங்க எந்த ஊரா இருக்கும்னு யோசிச்சு யோசிச்சு சண்டை போட்டுக்கினு இருக்கறதே ஒரு தமாஷு, கிளம்பற நாள் வரைக்கும் வீடு கலகலன்னு இருக்கும்.

வொய்ஃபுக்கு கட்டாயம் சொல்லிடுங்க. ரகசியம் உங்க ரெண்டு பேருக்குள்ள ஒண்டி இருக்கட்டும். லீவு போடறது, பசங்க துணி, மாமியார் மாத்திரை, மாசத்துல எந்த தேதி ஒத்து வரும் ஒத்து வராதுன்ற கணக்கு, எல்லாம் அவங்க கைலதான் இருக்கு. அவங்களுக்கும் சர்ப்ரைஸ் வேணும்னா ஊட்டில ஏதாச்சும் தனியா ஏற்பாடு பண்ணிக்கோங்க.

அறுபது முடியுதுன்னு சொன்னீங்க, அதுல ஒண்ணு பாத்துக்கோங்க. உங்க அம்மாவோ அத்தைங்களோ திருக்கடையூர்ல மணிவிழா வைக்கணும்னு ஏற்கனவே பேசி வச்சிருக்கலாம், உங்க காதுக்கு வந்திருக்காது. அத விட்டுட்டு நீங்க ஊட்டிக்கு தள்ளிக்கினு போனா சொந்தக்காரங்க பேச்சு உங்க வொய்ஃப் தலைலதான் விழும். விழாவ முடிச்சிட்டு மலைக்கு போங்க.

இப்ப ஏலகிரி போதுமான்னு கேட்டீங்க. கிட்டத்துல இருக்கு, வேலூர்ல இருந்து ரெண்டு மணி நேரம், பொன்னேரி கிட்ட திரும்பி 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் புலவர், வள்ளல்னு ஒரு பேரு வச்சிருக்காங்க, பொண்ணு படிச்சிக்கினே வரும், புங்கனூர் ஏரில படகு சவாரி இருக்கு. ஆனா மே மாசத்துக்கு அது சரிப்படாது. ஏன்னா கணக்கு இப்படி. ஆயிரம் மீட்டர் மேல ஏறினா சுமாரா ஆறு, ஆறரை டிகிரி குறையும். வேலூர் தரைமட்டத்துல இருந்து 200 மீட்டர் சொச்சம்தான், ஏலகிரி 1100 மீட்டர் சுமாரு, அப்ப நம்ம ஊர்ல கத்திரில 41 டிகிரின்னா மேல மத்தியானம் 35 இருக்கும். சாயங்காலமும் விடிகாலையும் சுகமா இருக்கும், நடுப்பகல்ல ரூம்ல ஃபேன் கீழதான் உக்காரணும். ஏற்காடு 1500 மீட்டர், எட்டு டிகிரிக்கு மேல குறையும். ஊட்டி 2240 மீட்டர், பதிமூணு டிகிரி கிட்ட குறையும், அதனாலதான் இங்க அனல் அடிக்கறப்ப அங்க பகல்லயே முழுக்கை சட்டை தேவைப்படுது. மே மாசம் குளுருக்குன்னே போறதா இருந்தா ஊட்டி, கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் இந்த நாலுதான். ஏலகிரிய ஆடி கழிச்சு, இல்லனா டிசம்பர் அரைப்பரீட்சை லீவுல வச்சிக்கோங்க, அப்ப அருமையா இருக்கும். பையனுக்கு வானம், நட்சத்திரம்னு ஆர்வம் இருந்தா அந்த பக்கமே ஜவ்வாது மலைல காவலூர் இருக்கு, வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் அகல கண்ணாடி வச்ச டெலஸ்கோப், 1986ல திறந்தது, பாக்க விடற நாளும் நேரமும் விசாரிச்சிட்டு போங்க. அது தனி ட்ரிப்.

கொடைக்கானல் அழகுதான், ஆனா குடியாத்தத்துல இருந்து வத்தலகுண்டு போய் ஏறி முடிக்கறதுக்குள்ள பெரியவங்களுக்கு இடுப்பு விட்டுடும். மே மாசம் கூட்டம் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்.

ஊட்டின்னு முடிவானா இ-பாஸ மறக்காதீங்க. ஐகோர்ட்டு உத்தரவுல 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்துச்சு. 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு எண்ணிக்கையே கட்டிட்டாங்க. வண்டி நம்பர், எத்தன பேரு, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எல்லாம் ஆன்லைன்ல போட்டு எடுக்கணும். வருஷத்துக்கு வருஷம் விதிய மாத்தறாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி அப்ப இன்னா ரூல்னு பாத்துக்கோங்க. சர்ப்ரைஸ்னு சொல்லிக்கினு கடைசி நாள் வரைக்கும் சும்மா இருந்துட்டு மேட்டுப்பாளையம் செக்போஸ்ட்ல வண்டிய ஓரங்கட்டி ஃபோன்ல தட்டிக்கினு இருக்கறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், பின் சீட்டுல இருக்கறவங்களுக்கு அங்கயே எல்லாம் தெரிஞ்சிடும். கவர்மெண்ட் பஸ்லயும் ரயில்லயும் போறவங்களுக்கு இ-பாஸ் தேவையில்ல. பிளாஸ்டிக் வாட்டர் பாட்டிலும் அங்க தடை, அபராதம் போடுவாங்க, வீட்ல இருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க, அம்மாவுக்கு ஃபிளாஸ்க்ல வெந்நீர்.

ரயிலா காரான்னா, நான் வண்டிக்காரன்தான், இருந்தாலும் உண்மைய சொல்றேன், உங்க குடும்பத்துக்கு ரயில்தான் நல்லது. நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னைல ராத்திரி கிளம்பி காட்பாடிக்கு பதினோரு மணி சுமாருக்கு வரும், படுத்து தூங்கினா விடிகாலைல மேட்டுப்பாளையம். முட்டி வலி இருக்கறவங்களுக்கு காலு நீட்டி படுக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு கேட்டு பாருங்க. அங்க இருந்து ஏழு மணி வாக்குல மலை ரயில் கிளம்பும். 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம். கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச கம்பி ஒண்ணு வரும், இன்ஜின்ல இருக்கற பல்சக்கரம் அத கவ்வி கவ்வித்தான் ஏறும், குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும், அங்க இன்ஜின மாத்திக்குவாங்க. ஊட்டி போய் சேர மத்தியானம் ஆயிடும். ஒன்பதாவது படிக்கற பையனுக்கு அந்த பல்லு தண்டவாளம் ஒண்ணே போதும், ஒவ்வொரு தடவ நிக்கறப்பயும் இறங்கி குனிஞ்சு பாத்துக்கினு இருப்பான், கைய புடிச்சிக்கோங்க.

ஆனா ரயில்ல ரெண்டு சிக்கல். ஒண்ணு டிக்கெட். எக்ஸ்பிரஸ் புக்கிங் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், மே மாசத்துக்கு அன்னிக்கு காலைலயே உக்காரணும். மலை ரயில் அதவிட மோசம், சீட்டு கொஞ்சம்தான், கிடைக்கலனா மனச தேத்திக்கினு மேட்டுப்பாளையத்துல பஸ்ஸோ டாக்ஸியோ புடிங்க, மறுநாள் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவுல ஓடற ரயில்ல ஏத்தி பசங்க ஆசைய தீத்துடலாம். ரெண்டாவது சிக்கல் உங்க ரகசியம். காட்பாடி பிளாட்ஃபாரத்துல மூணு பாஷைலயும் மேட்டுப்பாளையம் மேட்டுப்பாளையம்னு கத்துவாங்க, பெட்டிக்கு பெட்டி போர்டு வேற. மூணாவது படிக்கற பொண்ணு எழுத்து கூட்டி படிச்சு "அப்பா, மேட்டுப்பாளையம்னா எங்க"ன்னு கேக்கும், தாத்தா பதில் சொல்லிடுவாரு. என்ன கேட்டா அங்கயே தெரியட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு தூக்க கலக்கத்துல இருக்கற பிள்ளைங்க அந்த பிளாட்ஃபாரத்துல குதிக்கற குதி இருக்கு பாருங்க, மலை மேல போய் சொன்னா அது வராது, அங்க பாதி பேரு வாந்தி எடுத்த களைப்புல இருப்பாங்க.

கார்லதான் போவேன்னா விடிகாலை மூணு, நாலு மணிக்கு கிளம்புங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம், 400 கிலோமீட்டர் தாண்டும், நிறுத்தி நிறுத்தி போனா பத்து மணி நேரம் ஆகும். சீசன்ல பெரும்பாலும் குன்னூர் வழியா ஏறணும், கோத்தகிரி வழியா இறங்கணும்னு ஒருவழி ஆக்கிடுவாங்க, அது தெரியாம திரும்பறப்பயும் குன்னூர் வழியாவே இறங்கிக்கலாம்னு ரூம் கணக்கு போடாதீங்க. பிளெயின்ஸ்ல ஓட்டி பழகினவங்க இறக்கத்துல பிரேக்குலயே கால வச்சிக்கினு வருவாங்க, நாலு வளைவுல கருகின வாசனை வந்துடும், அப்புறம் பிரேக் புடிக்காது. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, ரெண்டாவதுல போட்டுட்டா இன்ஜினே வண்டிய புடிச்சிக்கும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், இது மலைல எல்லாரும் மதிக்கற சட்டம். பயமா இருந்தா மேட்டுப்பாளையத்துல காரை விட்டுட்டு லோக்கல் டாக்ஸி எடுங்க, ஒண்ணும் மானம் போயிடாது.

வாந்திக்கு வர்றேன். கண்ணு வண்டிக்குள்ள ஃபோன பாக்குது, காது நரம்பு வண்டி வளையறத சொல்லுது, ரெண்டும் ஒத்து போகாததுதான் வாந்தி. பொண்ணுக்கு ஃபோன் குடுக்காதீங்க, ஜன்னலுக்கு வெளிய தூரமா பாக்க சொல்லுங்க, குன்னூர் ஏறற வழில பர்லியார் கிட்ட ஏசிய அணைச்சு கண்ணாடிய இறக்கிடுங்க, அந்த காத்துலயே பாதி சரியாயிடும். ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி, அவ்ளோதான். ஆம்பூர் பிரியாணி திரும்பி வர்றப்ப, கத்திரிக்காயோட நிதானமா. போறப்ப பார்சல் வாங்கி வச்சிக்கினு சேலம் தாண்டி சாப்ட்டுட்டு மலை ஏறினவங்க வண்டிய கழுவறது என் பசங்கதான், அந்த வயித்தெரிச்சல்ல சொல்றேன். வாந்தி மாத்திரை வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டு அரை மணி நேரம் முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்ச அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

அம்மா சுகருக்கு ரெண்டு விஷயம். இன்சுலின் போடறவங்களா இருந்தா மருந்து கைப்பைல இருக்கணும், மே மாசம் டிக்கில வச்சா சூட்டுல கெட்டு போயிடும். இன்னொண்ணு, ஊட்டில எங்க போனாலும் ஏத்தம் இறக்கம், வீட்ல நடக்காத நடை நடப்பாங்க, டிராஃபிக்ல மாட்டி சாப்பாடு மூணு மணிக்கு போயிடும், சுகர் திடீர்னு இறங்கிடும். கை நடுங்குது, வேர்க்குது, கோபப்படறாங்கன்னா குளுருன்னு நெனச்சி ஷால் போத்தாதீங்க, உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ குடுங்க. வீசிங், ஹார்ட் பிரச்சனை யாருக்காச்சும் இருந்தா டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

தங்கறதுக்கு ஊட்டி டவுன் வேணாம், மே மாசம் சேரிங் கிராஸ்ல நடந்து போறவன் கார தாண்டி போயிடுவான். கோத்தகிரி இல்லனா குன்னூர், ரெண்டும் 1800 மீட்டர் சுமாரு, குளுரு அளவா இருக்கும், பெரியவங்களுக்கு அதுதான் தாங்கும். குன்னூர்ல சிம்ஸ் பார்க் இருக்கு, 1874ல வச்சது, ஆனா சரிவான பார்க், அம்மாவ மேல் பக்கம் பெஞ்சுல குந்த வச்சிட்டு பசங்கள கீழ கூட்டிக்கினு போங்க. கோத்தகிரில கோடநாடு வியூ பாயிண்ட், கேத்தரின் அருவி, கன்னேரிமுக்குல ஊட்டிய உருவாக்குன வெள்ளக்கார கலெக்டர் சல்லிவனோட பங்களா, கூட்டமும் கம்மி. ஊட்டிக்கு ஒரு நாள் ஒண்டி போய்ட்டு வாங்க, காலைலயே முதல்ல தொட்டபெட்டா பாத்துட்டு அப்புறம் பொட்டானிக்கல் கார்டன். மே மாசம் மலர் கண்காட்சி நடக்கற நாளுங்கள்ல போனா பூவவிட தலைதான் அதிகமா தெரியும், நான் போக மாட்டேன், பூ மேல பைத்தியம்னா போங்க. திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள முடிச்சிடுங்க.

ரூம் புக் பண்றப்ப கிரவுண்ட் ஃப்ளோரா, வெந்நீர் எந்த நேரம் வரும், வெஸ்டர்ன் டாய்லெட்டா, ரூம் வாசல் வரைக்கும் வண்டி போகுமா, இந்த நாலையும் ஃபோன்ல பேசி கேளுங்க. அழகா ஃபோட்டோ போட்டு பாதி ரேட்டுக்கு காட்டேஜ்னு சொல்லி முழு பணத்தையும் ஜிபேல கேக்கறவன நம்பாதீங்க, போய் நின்னா அந்த அட்ரஸ்ல காட்டேஜே இருக்காது. குன்னூர், கோத்தகிரில மனசுக்கு புடிச்சது கிடைக்கலனா ஊட்டிலயே தமிழ்நாடு ஹோட்டல் இருக்கு, சுற்றுலா கழகம் நடத்தறது, ஆடம்பரம் இல்ல, ஆனா ஏமாத்து வேலை இருக்காது.

ஸ்வெட்டர்லதான் நிறைய பேரு மாட்டுவாங்க. கத்திரி வெயில்ல குடியாத்தத்துல நீங்க ஸ்வெட்டர் எடுத்து மொட்ட மாடில காய வச்சா தெருவுக்கே தெரிஞ்சிடும். வொய்ஃப விட்டு ஒரு தனி பேகுல எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ரெண்டு மங்கி குல்லா, சாக்ஸ், அப்பாவுக்கு ஷூ, ரெண்டு குடை, எல்லாத்தையும் கட்டி முந்தின நாளே யாராச்சும் ஃப்ரெண்டு வீட்ல வச்சிடுங்க. ஊட்டில போய் வாங்கிக்கலாம்னு விடாதீங்க, நான் சொன்னேனே அந்த பெரியவரு, அவருக்கு பையன் கடைல ஸ்வெட்டர் எடுத்து குடுத்தாரு, விலைய கேட்டுட்டு "எனக்கு குளுரவே இல்ல"ன்னு கழட்டி வச்சிட்டாரு, கால் மணி நேரம் பேரம் பேசி கடைசில கடைக்காரரே சலிச்சிக்கினு குறைச்சி குடுத்தாரு.

வீட்டு சாவி, செடிக்கு தண்ணி, இதுக்கெல்லாம் யாரையாவது வைக்கணும், அவங்க வாய் கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கணும். பால்காரர்கிட்ட மூணு நாள் பால் வேணாம்னு கிளம்பற அன்னிக்கு காலைலதான் சொல்லணும், ஊர் பேர மட்டும் வாயே திறக்காதீங்க, சொன்னா அவரு அடுத்த வீட்டுக்கு பால் ஊத்தறதுக்குள்ள உங்க அத்தைங்க "எங்களையும் கூப்ட்டிருக்கலாமே"ன்னு அம்மாவுக்கு ஃபோன் போட்டிருப்பாங்க.